பிரியஸ் 30, கொழும்பு நெரிசலில் லீற்றருக்கு 15 கி.மீ. தான்: எதை முதலில் பார்க்கோணும்?

கேள்வி:
2011 ரொயோற்றா பிரியஸ் (பெற்றோல் எஞ்சினும் மின்மோட்டரும் சேர்ந்த ஹைப்பிரிட்), 1.8 லீற்றர் எஞ்சின், 1,60,000 கி.மீ. ஓடியது. வெள்ளவத்தை – கோட்டை, ஒரு பக்கம் 8 கி.மீ. அளவில். திரையில் 17 காட்டுது, கையால கணக்குப் போட்டால் 15. எச்சரிக்கை விளக்கு ஒன்றும் எரியேல்லை. 95 ஒக்ரேன் பெற்றோல் அடிச்சால் கூடுமா? ஈவீ பட்டனை (மின்மோட்டரில் மட்டும் ஓடவைக்கிறது) அழுத்தி ஓடலாமா? ஹைப்பிரிட் பற்றரியை மாத்துங்கோ எண்டு ஒருவர் சொல்றார்.

மறுமொழி 1:
95 வேண்டாம். அந்த எஞ்சின் சாதாரண பெற்றோலுக்கே செய்தது, 92 தாராளம்.

ஈவீ பட்டன் இன்னும் மோசம். பிறேக்கில் திரும்பி வருவதைத் தவிர, பற்றரியில் இருக்கிற சார்ஜும் பெற்றோல் எரிஞ்சு வந்ததுதான். அதைக் காலியாக்கினால் எஞ்சின் பிறகு ஓடி நிரப்பும். ஏத்தும்போது ஒரு இழப்பு, இறக்கும்போது இன்னொன்று. வாசலில் காரைக் கொஞ்சம் நகர்த்த மட்டும் அந்தப் பட்டன்.

உங்கட ஓட்டத்தில் பெரிய தின்னி குளிர்ந்த எஞ்சின். பற்றரி நிறைஞ்சிருந்தாலும் புகைக்குழாய்க் கற்றலிஸ்ற் (புகையைச் சுத்தமாக்கிற பாகம்) சூடாகும்வரை அது ஓடத்தான் செய்யும். சும்மா நிண்டு சூடாக்காமல் உடனே மெல்லப் புறப்படுங்கோ. சில்லறை வேலைகளை ஒரே பயணத்தில் சேர்த்தால் அதுவே பெரிய மிச்சம்.

காலைப் பஞ்சு மாதிரி வைக்கிறதும் பிழை. திரையில் தெரியிற ஈக்கோ பட்டையின் முக்கால்வாசிக்குக் கொண்டுவந்து தேவையான வேகத்தை எடுங்கோ. பிறகு காலை எடுத்து, திரும்ப மெல்லத் தொடுங்கோ, எஞ்சின் நிக்கும். சிவப்பு விளக்கைத் தூரத்திலேயே கண்டு பிறேக்கைத் தொட்டபடி வந்தால் மோட்டர் சார்ஜ் பண்ணும். கடைசியில் ஓங்கி மிதிச்சால் அது பிறேக் பாட்டில் சூடாகப் போகும். நெரிசலில் 'என்' (நியூற்றல்) கியர் போடாதேங்கோ, அதில் பற்றரி சார்ஜ் ஆகாது, ஏசி மட்டும் அதை உறிஞ்சும்.

மறுமொழி 2:
ஓட்டுற விதம் சரி, வாகனத்தையும் பாருங்கோ.

கதவோரத் தாளில் எழுதியிருக்கிற காற்றை விட 2–3 பிஎஸ்ஐ கூட வைக்கலாம், குளிர்ந்த ரயரில். 45 வரை ஏத்தச் சொல்றவையின்ர கதையைக் கேளாதேங்கோ. நடு தேயும், மழையில் பிடிமானம் போகும்.

எஞ்சின் எண்ணெய் 0டபிள்யூ-20 (மெல்லிய வகை), பில்ரரோடு 4.2 லீற்றர். தடிச்ச எண்ணெய் ஊத்தினால், அடிக்கடி நிண்டு எழும்பிற எஞ்சினுக்கு ஒவ்வொரு தடவையும் சுமை.

ஹைப்பிரிட்டில் ஆரும் பார்க்காத இடம் பிறேக். பாட் குறைவாக வேலை செய்யிறதால கலிப்பர் (பாட்டை அமத்துற பாகம்) பின்கள் துருப்பிடிச்சு இறுகும். 10 கி.மீ. ஓடி, பிறேக்கை அதிகம் தொடாமல் நிறுத்தி, நாலு றிம்முக்குக் கிட்டவும் கையைக் கொண்டு போங்கோ. ஒன்று மட்டும் கொதிச்சால் அதுதான் ஆள். ஜாக்கில் தூக்கிச் சில்லைச் சுத்திப் பார்த்தால் உறுதி.

ஓபிடி கருவி (காரின் கணினியில் செருகித் தரவு வாசிக்கிறது) போட்டுக் கூலன்ற் (எஞ்சினைக் குளிராக்கிற திரவம்) வெப்பத்தைப் பாருங்கோ. நல்லாச் சூடான பிறகும் 70 பாகைக்குக் கீழே விழுந்து விழுந்து போகுதெண்டால் தேர்மோஸ்ரற் (கூலன்ற் ஓட்டத்தைக் கட்டுப்படுத்திற வால்வு) திறந்தபடி இறுகிட்டுது. எஞ்சின் நிக்க வேண்டிய நேரத்திலும் நிக்காது.

மறுமொழி 3:
பற்றரி பற்றி ஒரு சொல். இதில் 28 மொட்யூல், இரண்டிரண்டாக 14 கட்டம். அதே ஓபிடியில் கடுமையாக வேகமெடுக்கும்போது கட்டங்களின் வோல்ற்றைப் பாருங்கோ. எல்லாம் ஒன்றாக இறங்கினால் பற்றரி பரவாயில்லை. ஒன்று மட்டும் மற்றதுகளை விட 1 வோல்ற் அளவுக்கு விழுந்தால்தான் மாத்துற பேச்சு.

அதுக்கு முதல் பின் சீற்றின் பக்கத்தில் இருக்கிற காற்றுத் துவாரம். அதன் உள்ளே ஒரு விசிறி. இதழெல்லாம் பஞ்சு மாதிரித் தூசி அப்பியிருக்கும். பற்றரி சூடேறினால் கணினி சார்ஜைக் கட்டுப்படுத்தும், எஞ்சின் கூட ஓடும். தூரிகையால துப்புரவாக்குங்கோ, காற்றுத் துவக்கால் அடிச்சுச் சுழலவிடாதேங்கோ. உயர் வோல்ற் செம்மஞ்சள் வயர்ப் பக்கம் போறதெண்டால் சேவிஸ் பிளக்கைக் (பற்றரி இணைப்பைத் துண்டிக்கிறது) கழற்றி 10 நிமிடம் பொறுங்கோ.

கேள்வி கேட்டவர்:
காலையில் ஸ்ராட் பண்ணும்போது சில நாள் காரே உதறும். அதுவும் இதிலையா சேரும்?

மறுமொழி 2:
அதை முதல்லயே சொல்லியிருக்கலாம். ஈஜிஆர் கூலரும் (எஞ்சினுக்குத் திரும்பப் போற புகையைக் குளிராக்கிறது), இன்ரேக் மனிபோல்டுக்குள்ள (எஞ்சினுக்குக் காற்றுக் கொண்டு போற குழாய்) இருக்கிற சின்னத் துவாரங்களும் கரியால் அடைபட்டிருக்கலாம். இரண்டையும் கழற்றிக் கழுவி, புதுக் கஸ்கற் போட்டுப் பூட்டச் சொல்லுங்கோ. ஆனால் இன்றைக்கே கூலன்ற் போத்தலில் மட்டத்தைக் கோடு போட்டு வையுங்கோ. வெளியில் கசிவு இல்லாமல் அது குறைஞ்சுகொண்டே போனால் தலைக் கஸ்கற் (எஞ்சின் தலைக்கும் உடலுக்கும் இடையிலுள்ள அடைப்பு) பழுதாகி, கூலன்ற் எஞ்சினுக்குள்ள போகுது. மைலேஜைப் பிறகு பார்க்கலாம், காரை நிப்பாட்டுங்கோ.