வேடியப்பன் இடக்கையரான கதை

அச்சுப் படம் ஒன்று எப்படி உருவானது என்று இங்கே கேட்கப்பட்டதால், அரூர் வட்டத்துச் சிற்றூர் ஒன்றின் நடுகல்லை லினோ என்ற விரிப்பில் செதுக்கி அச்செடுத்த அனுபவத்தை எழுதுகிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ஊர்களில் இருப்பவர்களுக்குத் தெரியும்: மாட்டு மந்தைக்காக நடந்த சண்டையில் மாண்ட வீரனுக்கு நட்ட கல்லைத்தான் பல ஊர்களில் வேடியப்பன் என்று பெயரிட்டுக் கும்பிடுகிறார்கள். கல்வெட்டுகள் அந்தக் கால்நடைக் கூட்டத்தைத் தொறு என்கின்றன. நான் எடுத்துக்கொண்ட கல்லும் எண்ணெயும் மஞ்சளும் ஏறிக் கறுத்துப்போன ஒரு வேடியப்பன்தான். வலக்கையில் கத்தி, இடக்கையில் வில், காலருகே ஒரு சிறு கலம், மேலே நான்கு வரி வட்டெழுத்து, அதாவது தமிழின் பழைய எழுத்து வடிவம்.

முதல் வடிவமைப்பில் அந்த நான்கு வரிகளை விட்டுவிட்டேன். எழுத்து தேய்ந்திருந்தது, எனக்கு வாசிக்கவும் தெரியவில்லை என்பதுதான் காரணம். அதற்குப் பதிலாகப் படத்தைச் சுற்றி மயிற்பீலியால் ஒரு கரை வரைந்தேன். அதியமானின் நடுகல்லுக்குப் பீலி சூட்டிச் சிறு கலத்தில் கள் வார்த்ததைப் பற்றி ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டு (232) மனத்தில் இருந்தது. தகடூர்க்காரன் (தருமபுரியின் பழைய பெயர் தகடூர்) பீலியை விடலாமா என்று தோன்றியது. இப்போது பார்த்தால் அந்தக் கரை கல்யாணப் பத்திரிகைக் கரை போலத்தான் இருக்கிறது.

லினோ என்பது ஆளிவிதை எண்ணெயையும் தக்கைத் தூளையும் கலந்து சணல் துணிமேல் படியவைத்த விரிப்பு. 1860களில் தரையில் போடுவதற்கென்று வந்த பொருள். மரத்தைப் போல இதில் நார் ஓட்டம் கிடையாது என்பதால் உளியை எந்தத் திசையிலும் ஓட்டலாம். கொஞ்ச நேரம் வெயிலில் வைத்தால் இளகிக் கொடுக்கும். அதற்குத் தருமபுரி வெயில் தாராளமாகப் போதும். கல்லை எடுத்த புகைப்படத்தின்மேல் டிரேசிங் தாளை வைத்து வரைந்து, கார்பன் தாளால் அதை அப்படியே லினோவில் இறக்கி, இரண்டு வாரம் மாலை நேரங்களில் செதுக்கினேன். ரோலரால் கறுப்பு மை தடவி, தாளை மேலே வைத்து, மரக்கரண்டியின் முதுகால் தேய்த்து எடுத்த முதல் படியை நான்கு நாள் காயவைத்து, பெருமையோடு அந்த ஊருக்கே எடுத்துச் சென்று பூசாரியிடம் காட்டினேன்.

பெரியவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்குது கண்ணு. ஆனா எங்க சாமிய ஏன் இடக்கையரா ஆக்கிட்ட?"

கத்தி இடக்கையில் இருந்தது. வில் வலக்கைக்குப் போயிருந்தது. அச்சில் எல்லாம் இடவலம் மாறி விழும் என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். டிரேசிங் தாளைத் திருப்பிப் போட்டு இறக்கியிருந்தால் முடிந்திருக்கும். எழுத்தைச் சேர்த்திருந்தாலாவது, அது பலகையில் கல்லில் இருப்பது போலவே நேராகத் தெரிந்து செதுக்கும்போதே மாட்டிக்கொண்டிருப்பேன். பீலிக் கரைக்கோ இடமும் இல்லை, வலமும் இல்லை. எப்படித் திருப்பினாலும் ஒன்றுதான்.

இரண்டாவது வடிவமைப்புக்கு வழிகாட்டியது, கல்வெட்டு ஆர்வலர் ஒருவர் மைப்படி எடுத்ததை அருகில் நின்று பார்த்த ஒரு காலைப் பொழுது. கல்லைக் கழுவி, ஈரத் தாளை அதன்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டிக் குழிகளுக்குள் இறக்கி, மைப்பொதியால் மேலே ஒற்றினார். மை தாளின் வெளிப்பக்கத்தில் படுவதால் அதில் இடவலம் மாறுவதில்லை. புடைத்த உருவம் கறுப்பாக வந்தது. பள்ளமான எழுத்து வெள்ளையாக நின்றது. லினோவில் நான் செய்ய வேண்டியதும் இதுதானே என்று அங்கேயே உறைத்தது. நடுகல் செதுக்கிய தச்சன் வீரனைச் சுற்றியுள்ள கல்லை நீக்கி வீரனைப் புடைக்க விட்டான், எழுத்தை மட்டும் உள்ளே வெட்டினான். அவன் வேலையின் வரிசையையே பின்பற்றினால் போதும்.

பீலிக் கரையை எடுத்துவிட்டேன். நான்கு வரி வட்டெழுத்தும் மேலே ஏறியது. எழுத்தைக் கறுப்பாக விட வேண்டுமானால் ஒவ்வொன்றையும் சுற்றிச் சுற்றிக் குடைய வேண்டும். வெள்ளை எழுத்துக்கு வி வடிவ உளியின் ஒரே இழுப்புப் போதும், அந்த இழுப்பில் கல் உளியின் தன்மையும் கொஞ்சம் வந்துவிடுகிறது. தேய்ந்துபோன எழுத்துகளை நான் ஊகித்து நிரப்பவில்லை. அந்த இடங்களில் கறுப்பை அப்படியே விட்டேன். வீரனைச் சுற்றிய வெளியிலும் உளித் தடங்களை முழுக்கச் சுத்தம் செய்யாமல் ஆங்காங்கே நிறுத்தினேன். அவற்றில் மை பட்டுச் சிராய்ப்புகள் போல விழுந்தது, எண்ணெய்ப் பிசுக்கேறிய கல்லின் மேற்பரப்பை நான் வரைந்து காட்டியதைவிட நன்றாகக் காட்டியது.

இருபது படிகள் எடுத்தேன். வழக்கப்படி அடியில் பென்சிலால் இடப்பக்கம் எண், நடுவில் தலைப்பு, வலப்பக்கம் கையெழுத்து. முதல் எண்ணைப் பூசாரிக்குக் கொடுக்கப் போனபோது லினோப் பலகையையும் பையில் வைத்திருந்தேன். பெரியவர் படத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, பலகையைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, இதுல இப்பவும் இடக்கைதான் இருக்குது?"

"அதுல அப்படி இருந்தாத்தாங்க தாள்ல சரியா விழும்" என்றேன். அவர் கல்லைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், பிறகு பலகையின் கத்தியைத் தன் இடக்கை விரலால் ஒருமுறை தடவிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.