மார்ச் முதல் வாரம், இரண்டு இரவு: முதுமலையா, பரம்பிக்குளமா, வால்பாறையா?

சூலூர்_வாசி

கோவையிலிருந்து சொந்தக் கார். நாங்கள் இருவர், எழுபதைத் தாண்டிய அம்மா, எட்டு வயதுப் பையன். மார்ச் முதல் வாரம், இரண்டு இரவு. காட்டு விலங்குகளைப் பார்க்கணும், அவ்வளவுதான். படகு, பூங்கா, சாக்லேட் கடை எதுவும் வேண்டாம். எங்கே போகலாம்? காரணத்தோடு சொல்லுங்க.

சீகூர்க்காற்று

முதுமலை. இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

மார்ச்சில் இலை உதிர்ந்து காடு திறந்து கிடக்கும். மசினகுடி, சீகூர் பக்கம் மழைமறைவுப் பகுதி என்பதால் அங்கே முட்புதர்க்காடுதான். நூறு மீட்டர் தள்ளி நிற்கும் மானும் தெரியும். தெப்பக்காட்டிலிருந்து மசினகுடி வரை 7 கி.மீ. பொதுச்சாலை. காலை ஆறரைக்கும் மாலை ஐந்துக்கும் அதில் மெதுவாக ஒரு நடை ஓட்டினாலே புள்ளிமான், காட்டுமாடு, மயில் எல்லாம் கிடைக்கும், பெரும்பாலும் யானையும். அம்மா காரை விட்டு இறங்கவே வேண்டாம்.

பையனுக்குத் தெப்பக்காடு யானைகள் முகாம் இருக்கிறது. கேழ்வரகும் கொள்ளும் வேகவைத்து, வெல்லம், உப்பு, தேங்காய் சேர்த்துப் பாகன்கள் உருண்டை பிடித்து ஊட்டுவதை அருகிலிருந்து பார்க்கலாம். சஃபாரி போவதென்றால் வனத்துறை வண்டி மட்டும். காலை முதல் சுற்று இல்லையென்றால் மாலைக் கடைசிச் சுற்று. நடுவில் உள்ளதெல்லாம் வெயில் காயத்தான்.

உலாந்தி

சீகூர்க்காற்று சொன்னதில் பாதியை டிசம்பருக்கு எழுதியிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேன். கேள்வி மார்ச்சுக்கு.

மார்ச்சில் முதுமலையின் கிழக்குப் பாதியில் தண்ணீர் வற்றிவிடும். யானைக்கூட்டங்கள் அங்கேயே உட்கார்ந்து உங்களுக்காகக் காத்திருக்காது. கர்நாடகத்துக் கபினி அணையின் நீர் இறங்கி, கரையில் புதுப்புல் முளைக்கும் பக்கம் நகர்ந்துவிடும். ஏப்ரல், மே மாதங்களில் கபினிக் கரையில் அவ்வளவு யானைகள் கூடுவது இதனால்தான். மாயாற்றை ஒட்டி இருப்பவை மட்டும் மிஞ்சும்.

இரண்டாவது, தீ. 2019 பிப்ரவரியில் பக்கத்து பந்திப்பூர் எரிந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். வறட்சி கடுமையானால் முதுமலையில் சுற்றுலாவையே நிறுத்திவிடுவார்கள். அப்படி நிறுத்திய ஆண்டுகள் உண்டு. விடுதிக்கு முன்பணம் கட்டிவிட்டு மசினகுடி டீக்கடையில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

மூன்றாவது உண்ணிச்செடி (லன்டானா என்ற வெளிநாட்டுப் புதர்). முட்புதர்க்காட்டில் பார்வை திறந்திருக்கிறது, சரி. ஆனால் தெப்பக்காட்டுக்கு மேற்கே ஆள் உயரத்துக்கு உண்ணிச்செடி மண்டிக் கிடக்கிறது. அதன் மேல் மஞ்சள் கொன்றை என்ற வெளிநாட்டு மரம் வேறு. சாலையோரம் வெட்டிவிட்ட பட்டையைத் தாண்டி நின்றால் யானையே தெரியாது. (உண்ணிச்செடிக் குச்சியில் கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடியினர் செய்த நிஜ அளவு யானைச் சிற்பங்கள் வெளிநாடு வரை போயின. அதுவரை நல்லது.)

என் ஓட்டு பரம்பிக்குளத்துக்கு. பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் என்று மூன்று நீர்த்தேக்கங்கள். கோடையிலும் தண்ணீர் உண்டு, விலங்கு கரைக்கு வந்தே ஆகணும். தேக்கு இலை கொட்டியிருக்கும். முக்கியமாக, அது முட்டுச்சாலை: மைசூர் லாரி, ஊட்டி டெம்போ எதுவும் குறுக்கே ஓடாது.

போகும் முறை: பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை வழியாகச் சேத்துமடை. அங்கே தமிழ்நாடு வனத்துறைச் சாவடியில் கட்டணம், பிளாஸ்டிக் சோதனை. அப்புறம் டாப்சிலிப். அதைத் தாண்டினால் ஆனைப்பாடி, அங்கிருந்து கேரளம்; மறுபடியும் கட்டணம். பரம்பிக்குளம் பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் சாலை நம் பக்கம் மட்டுமே. இரண்டு தடவை பணம் வாங்குகிறார்களே என்று சாவடியில் சண்டை போடாதீர்கள், இரண்டும் வேறு வேறு அரசு. பெட்ரோலைப் பொள்ளாச்சியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள், மேலே பங்க் கிடையாது.

சீகூர்க்காற்று

அண்ணே, தேக்கு இலை கொட்டியிருக்கும் என்கிறீர்களே, அதுதான் என் புகாரே. டாப்சிலிப்பைச் சுற்றி நீங்கள் பார்ப்பதில் பெரும்பகுதி வெள்ளைக்காரன் காலத்தில் வெட்டி, மறுபடி நட்ட தேக்கு. ஹ்யூகோ வுட் என்ற வன அதிகாரி நட்டு வளர்த்து, கடைசியில் அங்கேயே புதைக்கப்பட்டார். மனிதர் பெரிய ஆள், மறுக்கவில்லை. ஆனால் தேக்குத்தோப்பு காடாகாது. அடியில் தீனி குறைவு. காட்டுமாடும் புள்ளிமானும் புல்வெளி உள்ள இடத்தில்தான் நிற்கும். மற்ற இடமெல்லாம் வரிசை வரிசையாக மரம்.

இன்னொன்று, பகல் பயணியாகப் போனால் ஆனைப்பாடியில் கேரள வனத்துறையின் மினிபஸ்ஸில்தான் ஏறணும். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். கன்னிமரா என்ற பெரிய தேக்கு மரத்தைக் காட்டுவார்கள், அணையைக் காட்டுவார்கள், பழங்குடியினர் கடையில் நிறுத்துவார்கள். எழுபது வயது அம்மாவுக்கு அந்த இருக்கையில் மூன்று மணி நேரமா? தீ அபாயம் முதுமலைக்கு மட்டும் சொந்தமில்லை, அங்கேயும் அதே மார்ச்தான்.

உலாந்தி

பகல் பயணியாகப் போகச் சொல்லவில்லை. உள்ளே தங்கும் அறையை ஆன்லைனில் எடுத்தால் சஃபாரியும் வழிகாட்டியும் அந்தத் தொகையில் சேர்ந்தே வரும். மாலை நாலு மணிக்குப் பகல்கூட்டம் கீழே இறங்கியதும் காடு உங்களுடையது. அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் இவ்வளவு தூரம் போவதே. வார நாளாகப் பாருங்கள். சனிக்கிழமை அறைகள் வெகு சீக்கிரம் தீர்ந்துவிடும்.

கன்னிமராவைச் சும்மா தள்ளாதீர்கள். சுற்றளவு ஏறத்தாழ 7 மீட்டர், அந்தப் பையன் கை கோர்க்க இன்னும் நாலைந்து பேர் தேவைப்படும். அது நட்ட மரமும் இல்லை.

நாற்பதாவது_வளைவு

இரண்டு பேரும் ஒரே பட்டியலைத்தான் விற்கிறீர்கள்: யானை, காட்டுமாடு, மான். தென்னிந்தியாவில் எந்த இலையுதிர்காட்டுக்குப் போனாலும் இது கிடைக்கும். மேற்குத்தொடர்ச்சி மலையில் மட்டுமே இருப்பதைப் பார்க்கணுமென்றால் வால்பாறை ஏறுங்க. அதுவும் பொதுச்சாலையில் நின்றபடியே பார்க்கலாம்.

முதலில் வரையாடு. ஆழியாறிலிருந்து ஏறும்போது ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவை ஒட்டிய பாறைச்சரிவு. காலை எட்டுக்குள் போனால் வாய்ப்பு அதிகம். வெயில் ஏறினால் பாறை நிழலுக்குள் போய்விடும், பாறையும் ஆடும் ஒரே நிறமாகிவிடும். கைப்பிடிச்சுவரை மட்டும் பார்க்காமல் தலைக்கு மேலே உள்ள விளிம்புகளைப் பாருங்க. பிஸ்கட், பொரி போடக்கூடாது. அப்படிப் போட்டுப் பழக்கித்தான் அது தார்ச்சாலையில் வந்து நிற்கிறது.

அடுத்து சிங்கவால் குரங்கு. வால்பாறைக்கு முன்னால் புதுத்தோட்டம் எஸ்டேட்டில் சாலையோரமே இருக்கிறது. மரத்துக்கு மரம் கட்டிய பட்டைப்பாலங்கள் சாலைக்கு மேலே தொங்கும். குரங்கு அடிபடாமல் கடக்க வைத்தது. அந்தப் பாலம் கண்ணில் பட்டதும் 20 கி.மீ. வேகத்துக்குக் குறையுங்க. கார் கண்ணாடி ஏற்றியே இருக்கட்டும். சாப்பாட்டு வாசனை வந்தால் உள்ளே கைவிடும்.

மூன்றாவது பெரிய இருவாச்சி, பெரிய அலகுள்ள பறவை. இது மட்டும் மேற்குத்தொடர்ச்சி மலைக்கே உரியதல்ல, வேறு இடங்களிலும் உண்டு. மார்ச், அது கூட்டில் இருக்கும் பருவத்தின் நடுப்பகுதி. பெண் பறவை மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு கிடக்கும், ஆண்தான் அத்திப்பழம் சுமக்கும். பழுத்த அத்தி அல்லது ஆல் எங்கே நிற்கிறது என்று எஸ்டேட்காரர்களிடம் கேட்டால் சொல்வார்கள். காலை ஏழிலிருந்து ஒன்பது வரை அந்த மரத்தடியில் அமைதியாக இருந்தால் போதும். சிறகடிக்கும் சத்தம் முதலில் கேட்கும், பறவை அப்புறம்தான் தெரியும். 8x42 பைனாகுலர் ஒன்று கடன் வாங்கியாவது கொண்டுபோங்க. கைபேசியில் இருவாச்சி கருப்புப் புள்ளிதான். மார்ச்சில் அட்டைத்தொல்லையும் கிட்டத்தட்ட இல்லை. அது மழை பிடித்த பின் வரும் கதை.

உலாந்தி

வால்பாறை தேயிலைத்தோட்டம். நடுநடுவே காட்டுத்துண்டு. அதைக் காடு என்று விற்காதீர்கள்.

கூட்டைச் சொல்லிக்கொடுத்ததுதான் மோசம். "அத்திமரம்" என்று நீங்கள் எழுதுவதைப் படிக்கிறவர்களில் நாலு பேர் கூட்டு மரத்தடியில் முக்காலி வைத்து உட்காருவார்கள். ஆள் நின்றால் ஆண் பறவை தூரத்து மரத்திலேயே உட்கார்ந்து தயங்கும். உள்ளே குஞ்சும் தாயும் பட்டினி. கூடு எது, பழமரம் எது என்று தெரியாதவர்கள் இதில் இறங்கவே கூடாது.

சாலையும் அப்படி ஒன்றும் பத்திரமில்லை. 2025 பிப்ரவரியில் இதே பொள்ளாச்சி–வால்பாறைச் சாலையில்தான், நிற்கச் சொன்னதைக் கேட்காமல் பைக்கில் போன ஜெர்மானியப் பயணி ஒருவர் யானை தாக்கி இறந்தார்.

நாற்பதாவது_வளைவு

கூட்டு மரத்தடியில் நிற்கச் சொல்லவில்லை, பழமரத்தடியில் நிற்கச் சொன்னேன். ஒரே மரத்துக்கு ஒரு ஆண் தனியாக, வந்த பாதையிலேயே திரும்பத் திரும்ப வந்து அடிமரத்தில் தொற்றிக்கொண்டால் அது கூடு, உடனே கிளம்பிவிடணும். பல பறவைகள் கிளைகளில் பரவி மேய்ந்தால் அது பழமரம், நிற்கலாம். ஒரு நிமிடம் கவனித்தால் யாருக்கும் புரியும்.

தேயிலைக்கு நடுவே காட்டுத்துண்டுதான், ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் அங்கே விலங்கு வெளியே தெரிகிறது. முழுச் சோலைக்குள் நின்று சிங்கவாலைத் தேடிப்பாருங்க, கழுத்து வலிதான் மிஞ்சும்.

யானை விஷயத்தில் எச்சரிக்கை சரி, பயமுறுத்தல் சரியில்லை. வால்பாறையில் யானை இருக்கும் இடம் குறுஞ்செய்தியாகவும் கேபிள் டிவியில் ஓடும் வரியாகவும் ஊருக்கே போகிறது. பக்கத்தில் யானைக்கூட்டம் நின்றால் உயரமான கம்பத்தில் சிவப்பு விளக்கு எரியும். அது எரிந்தால் அந்த வழி வேண்டாம். மாலை ஆறுக்குள் அறைக்கு வந்துவிடுங்க. அதுக்கப்புறம் சிறுத்தை நடமாட்டமும் உண்டு, பையனை வாசலில் தனியாக விடாதீங்க.

டீசல்_மாமா

எல்லாரும் எங்கே போகணும்னு சண்டை போடறீங்க. யானை எதிரே வந்தா என்ன செய்யணும்னு யாரும் சொல்லல.

இஞ்சினை அணைக்காதீங்க, உறுமவும் விடாதீங்க. சும்மா ஓடட்டும். அணைச்சுட்டா பின்னால எடுக்க வேண்டிய நேரத்துல கை நடுங்கி ஸ்டார்ட் ஆகாது. ஹாரன் கூடாது, ஹெட்லைட்டை விட்டு விட்டு அடிக்கக் கூடாது. முன்னால போற வண்டிக்கும் உங்களுக்கும் நடுவுல நாலு கார் நீளம் இடம் விடுங்க. வரிசையா ஒட்டி நின்னாத்தான் மாட்டிக்குவாங்க, முதல் வண்டிக்காரன் பின்னால எடுக்க வழியே இருக்காது. கொண்டை ஊசில வளைவுக்குள்ள போய் நிக்காம, மேல் சாலை தெரியற இடத்துல முன்னாடியே நில்லுங்க.

காது விரிஞ்சு அசையாம நின்னா, வால் தூக்கினா, தும்பிக்கையை உள்ள சுருட்டினா: ரிவர்ஸ். காது ஆடிட்டே மேய்ஞ்சா பொறுமையா இருங்க, அதுவே கடந்து போகும். கன்னத்துல கருப்பா ஈரம் வழியுதுன்னா மதநீர். அந்த ஆண் யானைகிட்ட எந்தக் கணக்கும் செல்லாது.

சீகூர்க்காற்று

டீசல் மாமா சொன்னதை ஊட்டி–மசினகுடி கல்லட்டிச் சாலைக்கும் சேர்த்துப் படியுங்கள். 36 வளைவு, செங்குத்து. வெளிமாவட்ட வண்டிகளை ஊட்டியிலிருந்து அந்த வழியே இறங்க விடுவதில்லை. பிரேக் சூடேறிப் போய்க் கவிழ்ந்த வண்டிகள் ஏராளம். கூடலூர் சுற்றித்தான் தெப்பக்காடு போகணும். இன்னொன்று: மசினகுடியில் "நைட் சஃபாரி" என்று யாராவது ஜீப்போடு வந்தால் ஏறாதீர்கள். அது சட்டவிரோதம், பிடிபட்டால் உங்களுக்கும் அபராதம் உண்டு.

சூலூர்_வாசி

அம்மாவுக்கு மலைப்பாதையில் வாந்தி வரும். நீலகிரிக்கும் இ-பாஸ், வால்பாறைக்கும் இ-பாஸ் என்கிறார்களே?

நாற்பதாவது_வளைவு

இரண்டுக்கும் உண்டு. நீலகிரி, கொடைக்கானலுக்கு 2024 மே மாதமும், வால்பாறைக்கு 2025 நவம்பரிலும் வந்தது. பணம் கிடையாது. வீட்டிலேயே எடுத்துக் கைபேசியில் படமாகச் சேமித்துவிடுங்க. சாவடியில் போய் நெட் தேடாதீங்க.

அம்மாவை முன் இருக்கையில் உட்காரவைங்க. வாந்தி மாத்திரை கொடுப்பதாக இருந்தால் அவருடைய மற்ற மாத்திரைகளோடு ஒத்துப்போகுமா என்று டாக்டரிடம் கேட்டு, ஏறத்தொடங்கும் முன் அரை மணி நேரத்தில். வளைவு தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை. வெறும் வயிறும் வேண்டாம், வயிறு முட்டவும் வேண்டாம், இரண்டு இட்லி போதும். ஒன்பதாவது வளைவில் நிறுத்தி ஆட்டைத் தேடும் கால் மணி நேரம் அவருக்கும் ஓய்வு.

உலாந்தி

வாந்தி வரும் அம்மாவை வால்பாறையின் 40 வளைவு ஏற்றுவதைவிட, டாப்சிலிப் சாலையில் வளைவு எவ்வளவோ குறைவு. இதற்கு மட்டும் யாரும் பதில் சொல்லமாட்டார்கள்.

சூலூர்_வாசி

முடிவாக இப்படி யோசிக்கிறோம்: பரம்பிக்குளத்தில் வார நாள் அறை கிடைத்தால் ஒரு இரவு அங்கே, மறுநாள் கீழே இறங்கி ஆழியாறு வழியாக வால்பாறை ஒரு இரவு. முதுமலையை டிசம்பருக்கு வைத்துக்கொள்கிறோம்.

சீகூர்க்காற்று

டிசம்பருக்கு என்றால் சரி. சீகூர்ப் பக்கம் வடகிழக்கு மழை முடிந்து பச்சையும் இருக்கும், தண்ணீரும் இருக்கும். பாறுக்கழுகும் (பிணந்தின்னிக் கழுகு) அப்போது கூடு கட்டத் தொடங்கும். மாயாற்றுப் பள்ளத்தாக்குப் பக்கம் வானத்தைப் பார்த்துக்கொண்டே வாங்க. மார்ச்சில் எங்கே போனாலும் பையனைப் புதருக்குள் இறக்காதீங்க, உண்ணிப்பூச்சி ஏறும் பருவம். பந்திப்பூர், வயநாட்டில் அந்த உண்ணியால் பரவும் குரங்குக்காய்ச்சல் பதிவானதும் இந்தப் பருவத்தில்தான். முழுக்கால் சட்டை போடுங்க, அறைக்கு வந்ததும் காது மடல், இடுப்பு மடிப்பைப் பாருங்க.

உலாந்தி

ஒரு நாளில் இறங்கி ஏறுவது அம்மாவுக்குக் கஷ்டம், என் கருத்து மாறவில்லை. செய்வதானால் பரம்பிக்குளத்திலிருந்து காலை சஃபாரி முடித்து, பத்து மணிக்குள் கிளம்பி, ஆழியாறில் மதியச் சாப்பாடு, மூன்று மணிக்குள் மேலே. அதற்குப் பிந்தினால் பொள்ளாச்சியிலேயே தங்கி மறுநாள் காலை ஏறுங்கள்.

நாற்பதாவது_வளைவு

மதியம் ஏறினால் வரையாடு கிடைக்காது, இறங்கும் நாள் காலையில் பாருங்க. மார்ச்சில் குட்டிகள் கூடவே இருக்கும். குட்டி ஈனும் பருவம் என்று, வரையாடுகள் வாழும் கேரளத்து இரவிகுளம் தேசியப் பூங்காவைப் பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் மூடிவிடுவார்கள், ஆழியாறு சாலையை யாரும் மூடமாட்டார்கள். பன்னிரண்டாவது வளைவிலிருந்தே இரண்டாவது கியரில் இறங்குங்க, பிரேக்கும் சூடாகாது.