குரூமர் தனியாகத் தொழில் செய்தால் நாய்க்கு நல்லதா, கெட்டதா?

வால்பக்கம்:
செல்லப்பிராணிகளுக்கான ஒரு சலூனில் குரூமராக, அதாவது நாய், பூனைகளைக் குளிப்பாட்டி முடி, நகம் வெட்டிவிடுபவராக இருக்கிறேன். வேலை பிடித்திருக்கிறது, அங்கே ஓட்டுகிற வேகம்தான் பிடிக்கவில்லை. ஒரு நாயைத் துவட்டி முடிப்பதற்குள் அடுத்ததைத் தொட்டியில் இறக்கச் சொல்கிறார்கள். தோலைத் தடவிப் பார்க்கக்கூட நேரமில்லை. கட்டி, காதுப் புண், ஈறு வீக்கம் எல்லாம் முதலில் குரூமரின் கையில்தானே தட்டுப்படும்? வேலையை விட்டு, வீடு வீடாகப் போய் ஃப்ரீலான்ஸாகச் செய்யலாமா என்று யோசிக்கிறேன். வருமானம் முன்னே பின்னே இருக்கும் என்று தெரியும். வேறு எதை யோசிக்காமல் விட்டிருக்கிறேன்?

சீப்புக்காரர்:
தைரியமாக வாருங்கள். நானும் அந்த வேகம் பொறுக்காமல் வெளியே வந்தவன்தான்.

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். அதன் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். 41-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. பக், புல்டாக் மாதிரி மூக்கு சப்பையான இனங்களுக்கு மூச்சிரைப்பதே சிரமம். அப்படிப்பட்ட நாயைச் சூடான காற்றடிக்கும் கூண்டில் அடைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போவது, ஆள் பற்றாத இடத்தில்தான் நடக்கும். தனியாகச் செய்யும்போது நாய் என் கண் முன்னாலேயே இருக்கிறது. முடி வழிக்கும் இயந்திரமான கிளிப்பரின் பிளேடு சூடாகிவிட்டதா என்று என் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்ப்பேன், சூடாக இருந்தால் ஆறும்வரை காத்திருப்பேன். நாய் மிரண்டுபோனால் மீதியை இன்னொரு நாள் முடிக்கலாம். யாரும் கடிகாரத்தைக் காட்ட மாட்டார்கள்.

இரண்டாம்கை:
நான் இதை ஏற்கவில்லை. கூண்டு டிரையர் மோசமான சலூனின் குற்றம். அதைக் காட்டி எல்லாச் சலூனையும் தள்ளிவிடக் கூடாது.

தனியாள் வேலையில் பிடித்துக்கொள்ள இன்னொரு கை இல்லை. கறுப்பு நகத்தில் உள்ளே ஓடும் ரத்தக்குழாய் வெளியே தெரியாது, துளித்துளியாக வெட்ட வேண்டும். அந்த நேரத்தில் நாய் காலை இழுத்தால்? மேசையில் கழுத்துக்கு வளையம் மாட்டியிருக்கும்போது அது கீழே குதித்தால்? கழுத்து நெரிபட நொடிகள் போதும். ஷாம்பூ எடுக்கத் திரும்புகிற நேரத்தில்தான் இதெல்லாம் நடக்கும். வீட்டுக்காரர் பிடித்துக்கொள்வார் என்று சொல்லாதீர்கள். பல நாய்கள் உரிமையாளர் பக்கத்தில் நின்றால் இன்னும் அதிகமாக முரண்டு பிடிக்கும், அவருடைய பதற்றமும் அதற்குத் தொற்றிக்கொள்ளும். கடி அவர் மேலேயே விழவும் கூடும்.

சீப்புக்காரர்:
அதனால்தான் வேண்டாம் என்று சொல்லும் உரிமை முக்கியம் என்கிறேன். என் கையை மீறும் நாயை நான் எடுப்பதில்லை. சம்பளத்துக்கு இருக்கும் குரூமர் அப்படிச் சொல்ல முடியுமா?

சடை பிடித்த நாயையே எடுத்துக்கொள்ளுங்கள். சடை தோலோடு ஒட்டி இறுகியிருக்கும். அதைச் சீப்பால் பிரிப்பது நாய்க்குச் சித்திரவதை, பெரும்பாலும் அடியோடு வழிப்பதுதான் இரக்கம். 10-ஆம் எண் பிளேடு சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் முடியைத்தான் விட்டுவைக்கும். அடியில் தோல் ஏற்கெனவே சிவந்து, புண்ணாகிக்கூட இருக்கலாம். காதுச் சடையை வழித்தபின் நாய் தலையை விடாமல் உதறி, காது மடலில் ரத்தம் கட்டுவதும் உண்டு. இவ்வளவையும் முன்கூட்டியே விளக்கி, உரிமையாளரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொண்டுதான் கிளிப்பரை எடுப்பேன். வரிசையில் ஐந்து நாய் நிற்கும்போது அந்தப் பேச்சுக்கு யார் நேரம் கொடுப்பார்கள்?

ஹஸ்கிவீடு:
நாய் வளர்ப்பவனாக என் பக்கத்தையும் கேளுங்கள். வீட்டுக்கு வரும் குரூமர் சலூனைவிடக் கூடுதலாகக் கேட்டார், சரி என்றேன். வெயிலில் தவிக்கிறதே, முழுசாக மொட்டையடித்துவிடுங்கள் என்றால் முடியாது என்கிறார். நாயும் என்னுடையது, பணமும் என்னுடையது. மறுக்க அவர் யார்?

இரண்டாம்கை:
இந்த விஷயத்தில் அந்தக் குரூமர் சரி. ஹஸ்கிக்கு இரண்டு அடுக்கு முடி: வெளியே நீண்ட காவல் முடி, உள்ளே அடர்த்தியான மென்முடி. வெளிமுடி நேரடி வெயிலிலிருந்து தோலைக் காக்கிறது. மொட்டையடித்தால் தோல் வெயிலில் கருகலாம், முடி திட்டுத்திட்டாக வளரலாம், சில நாய்களுக்குப் பல மாதங்கள் வளராமலே நிற்கும். உங்கள் நாய்க்குத் தேவை, உதிர்ந்து உள்ளேயே சிக்கியிருக்கும் மென்முடியைக் குளிப்பாட்டி, காற்றடித்து, வாரி எடுப்பது. அதற்குப் பிறகு காற்று தோல்வரை போகும். அறுவைச் சிகிச்சை, தோல் நோய் என்று மருத்துவர் சொன்னால் வழிக்கலாம்.

சீப்புக்காரர்:
கட்டணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டுக்கு வந்து போகும் நேரம், பிளேடைச் சாணை பிடிக்கும் செலவு, காப்பீடு, கடைசி நிமிடத்தில் வேண்டாம் என்று சொல்பவர்களால் வீணாகும் பொழுது எல்லாம் அதில்தான் அடக்கம். எனக்கு மாதச் சம்பளம் கிடையாது. வால்பக்கம், உங்களுக்கும் சொல்கிறேன்: இனத்தின் பெயரை வைத்து விலை சொல்லாதீர்கள், முடியின் நிலையைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். முன்பணம் வாங்கக் கூச்சப்படாதீர்கள்.

இரண்டாம்கை:
சம்பளம் இல்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். பூனைக்கடி சின்னத் துளையாகத்தான் தெரியும், ஆனால் ஆழமாக இறங்கிச் சீழ் பிடிக்கும். விரல் வீங்கினால் கிளிப்பரைப் பிடிக்க முடியாது, அந்த நாட்களுக்கு வருமானமும் இல்லை. மணிக்கட்டும் இடுப்பும் தேய்கிற தொழில் இது. சலூனில் மேசையை ஏற்றி இறக்கலாம், தொட்டி இடுப்பு உயரத்தில் இருக்கும். வீடுகளில் குளியலறைத் தரையில் குனிந்தே வேலை பார்க்க வேண்டியிருக்கும்.

ரேபிஸ் இருக்கும் நாடுகளில் குரூமர் சலூனில் இருந்தாலும் தனியாகப் போனாலும் முன்தடுப்பு ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள். முதல் நாள் ஒன்று, ஏழு நாள் கழித்து ஒன்று என இரண்டு தவணை போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் பரிந்துரைத்தது. அதைப் போட்டிருந்தாலும் கடிபட்டால் சோப்பும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் போகத்தான் வேண்டும். அப்புறம், படர்தாமரை. அந்தப் பூஞ்சையின் வித்துகள் சீப்பிலும் துண்டிலும் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போகிறவர் நோயையும் கூடவே எடுத்துப்போக முடியும்.

சீப்புக்காரர்:
ஒவ்வொரு வீட்டுக்கும் தனிச் சீப்பு, கருவிகளுக்குக் கிருமிநாசினி, துண்டு அவர்களுடையது. கவனமாக இருப்பவருக்கு இது பெரிய தடையே இல்லை. அவசரமாக ஓடும் சலூனில் ஒரே சீப்பு எத்தனை நாய் மேல் போகிறது என்று வால்பக்கத்தையே கேளுங்கள்.

வால்பக்கம்:
கழுவாமல் போவதைப் பார்த்திருக்கிறேன், மறுக்க மாட்டேன். ஆனால் மேசையிலிருந்து குதிப்பதைப் பற்றி இரண்டாம்கை சொன்னது என்னை உலுக்கிவிட்டது. இப்போதைக்குச் சலூன் வேலையை விடாமல், விடுமுறை நாட்களில் மட்டும் சின்ன நாய்களை எடுக்கலாம் என்று நினைக்கிறேன். பூனை வேண்டாம். அதில் ஆபத்து குறைவுதானே?

இரண்டாம்கை:
குறைவு என்று சொல்ல மாட்டேன். யார்க்‌ஷயர் டெரியர், பொமரேனியன், சிவாவா போன்ற சின்ன இனங்களில் மூச்சுக்குழாய் தளர்ந்து சுருங்கும் நோய் சகஜம். கழுத்து வளையம் லேசாக இறுகினாலே இருமித் தவிக்கும். மார்புப் பட்டை போடுங்கள். வயதான நாய் என்றால் இதயத்தைப் பற்றி மருத்துவர் என்ன சொன்னார் என்று கேட்காமல் தொடாதீர்கள். நான் இன்னும் தனியாகப் போகாதீர்கள் என்றுதான் சொல்வேன், கூட ஓர் உதவியாளரை அழைத்துப்போங்கள்.

சீப்புக்காரர்:
உதவியாளருக்குக் கொடுக்கும் அளவுக்கு ஆரம்பத்தில் வருமானம் வராது. ஆனால் மார்புப் பட்டை பற்றிச் சொன்னது சரி. இடுப்புக்கும் ஒரு வளையம் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள், பின்னங்கால் மடங்கி உட்கார்ந்துவிடும் கிழட்டு நாய்களுக்கு அது இல்லாமல் முடியாது.