புதுப்பிப்பு: பின்புறச் சரிவு பற்றி நான் எழுதியதில் ஒரு திருத்தம்

காரின் பின்கூரையை எவ்வளவு சரிவாக இறக்குகிறோமோ அவ்வளவுக்குக் காற்றுத் தடை குறையும் என்று முன்பு எழுதியிருந்தேன். அது பாதி உண்மைதான். 1984-இல் அகமது என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் எளிய கார் வடிவ மாதிரி ஒன்றை வைத்து வெளியிட்ட சோதனைகளில், சரிவு ஏறத்தாழ 12.5 பாகையாக இருந்தபோது தடை மிகக் குறைவாகவும், 30 பாகையை நெருங்கியபோது உச்சத்திலும் இருந்தது. அந்த நிலையில் சரிவின் இரு ஓரங்களிலும் எழும் வலுவான சுழல்கள் பின்புற அழுத்தத்தைக் குறைத்து வண்டியைப் பின்னோக்கி இழுக்கின்றன. 30-ஐத் தாண்டியதும் காற்று சரிவை ஒட்டாமல் முழுவதுமாகப் பிரிந்து அச்சுழல்கள் சிதைவதால், விந்தையாக, தடை சட்டென்று இறங்குகிறது.

ஆகவே என் காரின் பின்புறத்தில் பொருத்திய அட்டை நீட்சியின் சரிவைக் குறைத்தேன். காற்றின் போக்கைப் பார்க்க அதன்மேல் ஒட்டியிருந்த, முன்பு பாதி வழியிலேயே தாறுமாறாகப் புரண்ட கம்பளி நூல்கள் இப்போது விளிம்பு வரை அமைதியாகப் படிந்திருக்கின்றன.

வாலை இன்னும் நீட்ட வேண்டுமா என்று கேட்டவருக்கு: தேவையில்லை. 1930-களில் ஜெர்மானியப் பொறியாளர் வூனிபால்ட் காம் முன்வைத்தபடி, காற்று ஒட்டிவரும் அளவுக்கு மட்டும் உடலைக் குறுக்கிவந்து, பிறகு கூர்மையான விளிம்போடு செங்குத்தாக வெட்டிவிடலாம்; விளிம்பை மழுங்கவிட்டால் காற்று பிரியும் இடம் நிலையாக இருக்காது. எரிபொருள் மிச்சத்தை, காற்று அசையாத ஒரு நாளில் இரு திசைகளிலும் ஓட்டி அளந்த பிறகே எழுதுவேன்.