ஹெட்போனா, ஸ்பீக்கரா? கொஞ்சம் வழி சொல்லுங்கள்

வணக்கம். இரண்டு வாரமாக ஒரே குழப்பம். கையில் இருக்கும் தொகைக்கு ஒன்றுதான் வாங்க முடியும்: காதுமேல் அமரும் கிண்ணத்தின் பின்பக்கம் திறந்த வகை ஹெட்போன், இல்லாவிட்டால் மேசைமேல் வைக்கும் ஒரு ஜோடி ஸ்பீக்கர்.

நண்பரின் ஹெட்போனை இரவல் வாங்கிக் கேட்டேன். பல வருடமாகக் கேட்ட பாட்டுதான். ஆனால் பாடகி அடுத்த வரிக்கு முன் மூச்சு இழுப்பது அன்றுதான் காதில் விழுந்தது. அதே விலை ஸ்பீக்கரில் இந்த நுணுக்கம் கிடைக்காது என்றே நினைக்கிறேன். ஆனால் பாட்டு தலைக்குள்ளேயே நின்றுவிடுகிறது. ஸ்பீக்கரில் இடப்பக்க ஒலி வலது காதுக்கும் சற்றுத் தாமதமாகப் போய்ச் சேர்வதால், எதிரே மேடை இருப்பது போலத் தோன்றும். மிருதங்கத்தின் அடி நெஞ்சில் இறங்கும். அந்தச் சுகமே வேறு.

என் தயக்கம் அறையைப் பற்றியது. பத்துக்குப் பத்தடி, வெறும் சுவர். 50 ஹெர்ட்ஸ் போன்ற பேஸ் (தாழ்ந்த) ஒலியின் அலைநீளமே கிட்டத்தட்ட 7 மீட்டர்; என் அறை அதில் பாதிகூட இல்லை. அதனால் பழைய ஸ்பீக்கரில் பேஸ் மூலையில் குமுறும், அறை நடுவில் வந்து உட்கார்ந்தால் காணாமல் போகும். ஹெட்போனுக்கு இந்தத் தொல்லை கிடையாது.

ஸ்பீக்கரைக் காதளவு உயரத்தில் வைத்து, ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்து கேட்டால் இந்த அறைத் தொல்லை எவ்வளவு குறையும்? கனமான திரை பேஸுக்கு உதவுமா? 300 ஓம் மின்மறுப்பு (மின்னோட்டத்தைத் தடுக்கும் அளவு) உள்ள ஹெட்போன் வாங்கினால், சிக்னலைப் பெருக்கும் தனி ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) கட்டாயமா? அப்புறம், கண்ணாடி போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் ஹெட்போன் அணிபவர்கள் காது வலிக்கிறதா என்று அவசியம் சொல்லுங்கள்.