'தகவமைப்பு நடத்தை'க்கு மாற்றாக 'வாழ்நடை'

மதிப்பிற்குரிய நண்பர்களுக்கு,

அறிவுசார் குறைபாடுடைய சிறார், பதின்பருவத்தினர் பற்றி எழுதும்போது 'அடாப்டிவ் பிஹேவியர்' (அன்றாட வாழ்வுக்கு வேண்டியவற்றை ஒருவர் வழக்கமாகச் செய்துவருவது) என்பதைத் 'தகவமைப்பு நடத்தை' என்றே பெயர்த்துவருகிறோம். தகவமைப்பு உயிரியலில் வேரூன்றிய சொல்; கள்ளியின் இலை முள்ளானதற்கு அது பொருந்தும். ஒரு பிள்ளை தானே உடுத்துவதையும், மீதிச் சில்லறையை எண்ணி வாங்குவதையும், வரிசையில் தன் முறைக்குக் காத்திருப்பதையும் அச்சொல் சுட்டவில்லை. 'நடத்தை'யிலும் இடறல் உண்டு. 'நடத்தையில் குறைவு' என்று அறிக்கையில் படிக்கும் பெற்றோர், பிள்ளையின் ஒழுக்கத்தைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்துவிடுவர்.

முன்மொழியப்பட்ட 'இணக்க நடத்தை' இதனினும் பிழையானது என்பது என் கருத்து. கண்டதையெல்லாம் நம்பி ஏமாறாமல் இருப்பதும் அடாப்டிவ் பிஹேவியரின் மூன்று பிரிவுகளுள் ஒன்றான சமூகப் பிரிவில் அடக்கம் என்பதால், அயலார் கூப்பிட்டால் 'வரமாட்டேன்' என்று சொல்லத் தெரிந்த சிறுமியை 'இணக்கம் குறைந்தவள்' என்று பதிய நேரும்.

'வாழ்திறன்' அழகான சொல்தான்; ஆனால் திறன் என்பது இயல்வது, இங்கே அளக்கப்படுவதோ வழக்கமாகச் செய்வது. உளவியலாளர் எட்கர் டால் 1930-களில், இதை அளக்கும் கருவிகளுக்கு முன்னோடியான வைன்லாந்து அளவுகோலை உருவாக்கியபோதே, பிள்ளையைச் சோதிக்காமல், அவனை நன்கறிந்தவரிடம் கேட்டறியும் முறையைக் கைக்கொண்டார். மதிப்பிடுபவர் முன்னிலையில் ஐந்து பொத்தான்களையும் போட்டுக்காட்டும் பதினான்கு வயதுப் பையனுக்கு, பள்ளிக்கு நேரமாகிறதே என்று காலைதோறும் அம்மாவே போட்டுவிடுகிறார் என்றால், அந்த வினாவுக்கு முழு மதிப்பெண் கிடைக்காது. திறன் இருக்கிறது, வழக்கம் இல்லை.

ஆகவே 'வாழ்நடை' என்பதைப் பரிந்துரைக்கிறேன். நடை என்பதில் வழக்கமும் செயலும் சேர்ந்தே ஒலிக்கின்றன. கருத்துசார், சமூகம்சார், செயல்முறைசார் என்னும் மூன்று பிரிவுகளோடும், 'வாழ்நடை அளவுகோல்', 'வாழ்நடைக் குறைவு' என்னும் தொடர்களிலும் இடரின்றிப் பொருந்துகிறது. 2013-இல் வந்த மனநலக் கோளாறு வகைப்பாட்டுக் கையேடான டிஎஸ்எம்-5, அறிவுசார் குறைபாட்டின் கடுமையை நுண்ணறிவு ஈவைக் (ஐ.க்யூ.) கொண்டு அல்லாமல் வாழ்நடையைக் கொண்டே வகுப்பதால், பெற்றோரிடம் வாய்விட்டுச் சொல்லக்கூடிய சிறிய சொல்லாக இருப்பது நல்லது. 'வாழ்க்கைமுறை' என்பதோடு குழம்பும் என்ற மறுப்பு எழலாம். முதல் முறை வரும்போது 'அன்றாட வாழ்நடை' என்று எழுதினால் போதும்.

'மாலடாப்டிவ்' (தனக்கோ பிறருக்கோ இடர் தரும் நடத்தை) என்பதற்கு மட்டும் 'வாழ்நடையின்மை' என எதிர்மறை ஆக்கவேண்டாம். தன்னைத் தானே கடித்துக்கொள்ளும் பிள்ளை, தானே குளித்து உடுத்துபவனாகவும் இருக்கலாம். அளவுகோல்களும் இவ்விரண்டையும் தனித்தனியாகவே மதிப்பிடுகின்றன. அதற்கு 'இடர்நடத்தை' பொருந்துமா என்று நண்பர்கள் கருத்துரைக்க வேண்டுகிறேன்.