கறுப்பின அடிமைமுறை எதிர்ப்பாளர்களின் தாள்கள்: லேமினேட் செய்யலாமா?

பழுப்பேடு:
அமெரிக்காவில் பிலடெல்பியா பக்கத்தில் ஒரு சிற்றூர் வரலாற்றுச் சங்கம். அங்குள்ள கறுப்பினத் தேவாலயத்திலிருந்து ஒரு பெட்டி வந்திருக்கிறது: 1840–60 காலக் கூட்டக் குறிப்பேடு, கடிதங்கள், சில படங்கள். மை பழுப்பேறி, எழுத்து இருந்த இடத்தில் ஓட்டை விழுகிறது. லேமினேட் செய்துவிடலாம் என்று ஒரு யோசனை. சரியா? பட்டியல் எப்படிப் போடுவது?

மாசிக்காய்:
லேமினேட் வேண்டவே வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு உரிக்க முடியாது. தாளிலுள்ள அமிலமும் உள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

ஓட்டைக்குக் காரணம் அந்தக் கால மை. மாசிக்காயும் அன்னபேதியும் (இரும்பு உப்பு) கலந்தது. அமிலமும் மிஞ்சிய இரும்பும் சேர்ந்து தாளை அரிக்கும், ஈரம் பட்டால் இன்னும் வேகமாக. ஆகவே ஈரத்துணி கூடாது, செல்லோடேப்பும் கூடாது. அமிலமில்லாத உறைகளில் போட்டு, 20 டிகிரி செல்சியஸை ஒட்டி, ஈரப்பதம் 35–50 சதவீதத்தில் வையுங்கள். பரணும் நிலவறையும் ஆகாது. மடிப்பில் விரிசல் கண்ட கடிதத்தை நீங்களே விரிக்காதீர்கள், அது பயிற்சி பெற்றவர் செய்யவேண்டிய வேலை.

படங்களில் கண்ணாடிக்குள் இருக்கும் வெள்ளித்தகட்டுப் படம் இருந்தால் திறக்கவே வேண்டாம். லேசாகத் துடைத்தாலே முகம் அழிந்துவிடும்.

ஸ்கேன்_சேகர்:
வண்ணத்தில், 400 பிபிஐ (அங்குலத்துக்கு 400 புள்ளி), டிஃப் கோப்பு (தரம் குறையாத படக்கோப்பு). குறிப்பேட்டைக் கண்ணாடியில் கவிழ்த்து அழுத்தினால் முதுகு பிளந்துவிடும்; தாங்கியில் பாதி திறந்து வைத்து, மேலிருந்து கேமராவில் எடுங்கள். ஒரு நகல் வேறு ஊரில் இருக்கட்டும். 1872இல் ரோசெஸ்டரில், அடிமைமுறையை எதிர்த்துப் பத்திரிகை நடத்திய பிரெடரிக் டக்ளஸின் வீடு எரிந்தபோது, அவர் சேர்த்து வைத்திருந்த சொந்தப் பத்திரிகைத் தொகுதிகளும் எரிந்துபோயின.

அடைவு:
பட்டியலில்தான் ஆட்கள் காணாமல் போகிறார்கள். ‘தேவாலயக் கடிதங்கள், 1 பெட்டி’ என்று எழுதினால் யாருக்கும் எதுவும் அகப்படாது. ஒவ்வொரு பெயருக்கும் தனிப் பதிவு போடுங்கள். அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்தவர்கள் பெயரை மாற்றிக்கொண்டதால் பழையது, புதியது இரண்டையும் சேருங்கள். பிலடெல்பியாவில் அவர்களுக்கு உதவிய வில்லியம் ஸ்டில் 1852–57 குறிப்பேட்டில் அப்படித்தான் இரண்டையும் எழுதினார். அது இன்றும் பென்சில்வேனியா வரலாற்றுச் சங்கத்தில் இருக்கிறது. எழுத்துக்கூட்டல் மாறினால் மூலத்தில் உள்ளபடியே எடுத்தெழுதி, திருத்திய வடிவத்தைப் பக்கத்தில் குறியுங்கள்.

சரிபார்க்க 1850 மக்கள்தொகைக் கணக்கு உதவும். அடிமையல்லாத எல்லோரையும் பெயர் சொல்லிப் பதிந்த முதல் கணக்கு அது. அதே ஆண்டின் அடிமைப் பட்டியலில் பெரும்பாலும் உடைமையாளர் பெயரும் வயது, பால், நிறமும்தான் இருக்கும். அதை மட்டும் வைத்து ‘இவர்தான் அவர்’ என்று முடிவுகட்டாதீர்கள்.

பழுப்பேடு:
பெட்டியில் தாள்கள் கலைந்து கிடக்கின்றன. தேதிவாரியாக அடுக்கலாமா?

அடைவு:
முதலில் இருக்கிற வரிசையைப் படமெடுத்து எண்ணிடுங்கள். எந்தக் கடிதம் எதனோடு கட்டப்பட்டிருந்தது என்பதும் சான்றுதான். பெட்டி தேவாலயத்துக்கே சொந்தமா, சங்கத்துக்குத் தந்துவிட்டார்களா என்பதையும் இப்போதே எழுத்தில் வாங்குங்கள். ஸ்கேன் எடுத்துவிட்டு மூலத்தைத் திருப்பிக் கொடுப்பதும் நல்ல ஏற்பாடுதான்.